மாட்டுக்குக் காளை வேண்டும், மல்லிகைக்குக் குச்சி போதும்

(செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு மாலை நமது சமுதாயக் கூடத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை. – செய்திமடல் குழு)

முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் குட்டிகளுக்குத் தனி வணக்கம்.

முதலில் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளைப் பண்ணைக்கு அழைத்துப் போகிறோம், அதற்கு முன் ஆடு மாடு கோழி பற்றி எளிமையாகப் பேசுங்கள் என்று மகளிர் குழுவினர் கேட்டார்கள். மறுநாள் நம் செயலாளர் வந்து, "சார், கட்டடத்தை இடிக்கக் கொடுக்கறதுக்குள்ள இங்க இருக்கிற பூச்செடிகளை எப்படிப் பெருக்கி எடுத்துட்டுப் போறதுன்னு சொல்லிக் கொடுங்க" என்றார். இரண்டு கூட்டம் வைத்தால் இரண்டுக்கும் பத்துப் பேர்தான் வருவார்கள் என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். மாடு என் தொழில், 34 வருடம். செடி என் மனைவியின் இலாகா. அதில் நான் சொல்வது தப்பாக இருந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் இங்கேயே திருத்திவிடுவார், கவலை வேண்டாம்.

போன வாரம் லிஃப்டில் ஒரு பாப்பா கேட்டாள்: "தாத்தா, மாடு தினமும் பால் குடுக்குமா? ஏன் குடுக்குது?" நல்ல கேள்வி. பெரியவர்களில் பலருக்கு இதற்குப் பதில் தெரியாது. மாடு நமக்காகப் பால் கொடுப்பதில்லை. கன்று போட்டால்தான் பால். சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று ஈன்ற பிறகு ஏறக்குறைய பத்து மாதம் கறக்கும். அடுத்த கன்றுக்கு இரண்டு மாதம் முன்பு கறவையை நிறுத்திவிட வேண்டும், மடிக்கு அந்த ஓய்வு தேவை. ஆகவே பால்காரருக்குப் பாலைவிட முக்கியமான கவலை, மாடு அடுத்து எப்போது சினை பிடிக்கும் என்பதுதான்.

கறப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கன்று முட்டினாலோ, மடியைக் கழுவித் தடவினாலோ மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும். ஒரு நிமிடத்துக்குள் மடி விம்மும். கிராமத்தில் "சுரப்பு விட்டுடுச்சு" என்பார்கள். அந்த வேகம் ஐந்தாறு நிமிடம்தான் நிற்கும், அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பட்டாசு வெடித்தாலோ, நாய் குரைத்தாலோ, புது ஆள் பக்கத்தில் நின்றாலோ மாடு சுரப்பை நிறுத்திவிடும். எங்கள் காலத்தில் இதே வாசலுக்கு ஒருவர் மாட்டை ஓட்டிவந்து கறந்து கொடுத்தார். அப்போது ஏ பிளாக்கில் யாராவது ஸ்கூட்டரை உதைத்தால் எங்களுக்கு அரை ஆழாக்கு குறையும்!

வாட்ஸ்அப்பில் நாட்டு மாட்டுப் பால் அமுதம், கலப்பின மாட்டுப் பால் விஷம் என்று வாரம் ஒன்று வருகிறது. விஷம் என்று சொல்ல எந்த ஆதாரத்தையும் நான் பார்க்கவில்லை. காங்கேயத்தையும் உம்பளச்சேரியையும் பர்கூரையும் காப்பாற்ற வேண்டியதுதான். நம் வெயிலையும் காய்ந்த தீவனத்தையும் தாங்குகிற குணம் அவற்றிடம் இருக்கிறது, அது போதாதா? அதற்குப் பாலைப் பற்றிப் பயமுறுத்த வேண்டியதில்லை.

இப்போது சினை விஷயம். பசு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். கத்தும், தீனி எடுக்காது, மற்ற மாட்டின் மேல் தாவும், கண்ணாடி மாதிரி சளி ஒழுகும். அந்தப் பருவம் அரை நாளிலிருந்து முக்கால் நாள்தான். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி போட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாள் தீவனச் செலவு ஒரு ஏழைக் குடும்பத்துக்கு என்ன கணக்கு என்று யோசித்துப் பாருங்கள். ஊசிக்கான விந்து மைனஸ் 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜனில், சிறு குழல்களாக உறைந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் இளக்கி உடனே போட வேண்டும்.

இதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று யோசித்தேன், ஆனாலும் சொல்லலாம்.

1984-ல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தேன். கணவனை இழந்த ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு பசு. ஒரு மாலை மூத்த பையன் ஓடிவந்து மாடு கத்துகிறது என்றான். போனேன். "மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு தபா ஊசி போட்டுது சார், நிக்கலன்னுதான் நெனைக்கிறேன்" என்றார் அந்த அம்மா. சினை நிற்கவில்லை என்று அவர் நினைக்கிறார். நான் கையை விட்டுக் கருப்பையைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. சினையாக இருக்கும் மாடும் சில சமயம் பருவத்துக்கு வந்த மாதிரி கத்தும் என்று கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். ஆனால் கடைசி பஸ் ஏழேகாலுக்கு. பார்க்காமல் போட்டுவிட்டேன்.

கருப்பையின் வாயில் இயற்கை ஒரு அடைப்பு வைத்திருக்கும். ஊசிக் குழாய் அதை உடைத்துவிட்டது. மூன்றாம் நாள் கன்று வீசிவிட்டது. மூன்று மாதக் கரு, ஒரு எலி அளவுதான் இருக்கும். அந்த அம்மா அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எடுத்து வைத்திருந்தார், எனக்குக் காட்டுவதற்காக. எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்தான் பேசினார். "இன்னா சார் பண்றது, வுடுங்க. அடுத்த தபா கைய வுட்டுப் பாத்துட்டுப் போடுங்க." அவ்வளவுதான். ஆறு மாதத்தில் வந்திருக்க வேண்டிய பால் ஒரு வருடம் தள்ளிப் போனது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை தொட்டுப் பார்க்காமல் ஒரு மாட்டுக்கும் நான் ஊசி போட்டதில்லை.

அடுத்த வருடம் அந்த மாடு கிடாரிக் கன்று போட்டது. நான் மாற்றலாகிக் கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் இருந்த குண்டுமல்லியின் ஒரு கிளையைத் தரையோடு வளைத்து, கல் வைத்து அழுத்தி, வேர் விட்ட பதியத்தை வெட்டி, வாழை மட்டையில் சுற்றிக் கொடுத்தார். அந்தச் செடிக்குப் பிறகு வருகிறேன்.

மாட்டின் வயிறு பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது, ஏனென்றால் அதில் நம் குடியிருப்புக்கும் பங்கு இருக்கிறது. மாட்டுக்கு நான்கு வயிறு என்பார்கள். வயிறு ஒன்றுதான், அறை நான்கு. முதல் அறைதான் பெரியது, நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அது ஒரு ஊறல் தொட்டி. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலைப் புளிக்க வைத்து மாட்டுக்கு உணவாக மாற்றுகின்றன. மாடு உட்கார்ந்து அசைபோடுவது அந்தத் தொட்டியில் ஊறியதை மேலே கொண்டுவந்து மறுபடி மெல்வது. நாம் மாட்டுக்குத் தீனி போடுகிறோம் என்பதைவிட, அந்த நுண்ணுயிர்களுக்குப் போடுகிறோம் என்பதே சரி.

நம்மில் சிலர் புண்ணியம் என்று மிஞ்சிய சோறு, பொங்கல், கல்யாணச் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டித் தெரு மாட்டுக்கு வைக்கிறோம். சோறு அந்தத் தொட்டியில் மளமளவென்று புளித்து அமிலமாகும். நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். மாடு படுத்துவிடும், பல சமயம் எழுவதில்லை. பண்டிகைக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் போய்ப் பாருங்கள், புரியும். ஒரு கைப்பிடி கொடுத்தால் தோஷமில்லை, வாளியில் வைக்காதீர்கள். கீரைக் காம்பு, வாழைப்பழத் தோல், காய்கறித் தோல் கொடுங்கள். அதையும் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வீசாதீர்கள். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்கும். உள்ளே போன பை வெளியே வர வழியில்லை. 2019-ல் சென்னையில், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். 52 கிலோ, பிள்ளைகளே. உங்களில் இரண்டு பேர் எடை.

கோழிக்கு வருவோம், சுருக்கமாக. முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் சேவல் வேண்டும். கடையில் வாங்கும் முட்டையை அடைவைத்தால் 21 நாள் இல்லை, 21 வருடம் ஆனாலும் பொரிக்காது. ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூட ஆகும், அதில் பெரும் பகுதி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. ஓடு பழுப்பா வெள்ளையா என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் கருவின் நிறமோ தீனியைப் பொறுத்தது. சத்தியமங்கலம், குண்டலுப்பேட்டைப் பக்கம் செண்டுமல்லியைக் காடு காடாகப் பயிரிடுகிறார்கள். எல்லாம் மாலை கட்ட என்று நினைத்திருப்பீர்கள். பெரும் பகுதி சாயம் எடுக்கும் ஆலைக்குப் போகிறது. அந்தச் சாயம் கோழித் தீவனத்தில் சேர்ந்தால் கரு நல்ல ஆரஞ்சு நிறத்தில் வரும். இதோ, கோழியிலிருந்து பூச்செடிக்கு வந்துவிட்டோம்.

கன்று தாயின் நகல் அல்ல. பாதி தாய், பாதி காளை. பத்து லிட்டர் கறக்கும் மாட்டின் கிடாரி பத்து லிட்டர் கறக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. மாட்டை அப்படியே நகலெடுக்க முடியுமா? 1996-ல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற ஆட்டை அப்படிப் பிறக்க வைத்தார்கள், ஒரு செம்மறியின் மடியிலிருந்து எடுத்த செல்லைக் கொண்டு. 277 கருமுட்டைகளில் முயன்று கிடைத்தது ஒரு குட்டி. 2009-ல் நம் நாட்டில், ஹரியானாவின் கர்னாலில் எருமைக் கன்றை அப்படி உருவாக்கினார்கள். முதல் கன்று சில நாளில் இறந்துவிட்டது, அடுத்தது பிழைத்தது. அத்தனை பெரிய ஆய்வகம், அத்தனை பேர், அத்தனை வருட உழைப்பு.

அதையே நம் பாட்டிகள் ஒரு அரிவாள்மணையை வைத்துச் செய்தார்கள். செம்பருத்திக் குச்சியை ஒடித்து மண்ணில் செருகினால் வருவது அந்தச் செடியின் பிள்ளை அல்ல, அதே செடி. மதுரை மல்லி விதை போட்டா வருகிறது? ராமநாதபுரம் தங்கச்சிமடம் பக்கத்து நாற்றுகள், குச்சியிலிருந்து குச்சியாகப் பெருகியவைதான் ஊர் ஊராகப் போகின்றன. செடியின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு தூங்குகிறது. தண்டின் உள்செல்கள் தேவைப்பட்டால் தங்கள் வேலையை மறந்து வேராக மாறும். மாட்டின் காதை வெட்டி நட்டால் மாடு முளைக்காது. செடிக்கு மட்டும் அந்த வரம்.

சரி, வேலைக்கு வருவோம். ஜனவரி கடைசிக்குள் எல்லோரும் காலி செய்கிறோம். திரும்பி வர இரண்டரை வருடம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தைச் சுற்றியுள்ள எதுவும் மிஞ்சாது. வேர் விட ஆறிலிருந்து எட்டு வாரம், பிறகு தொட்டியில் தேற ஒரு மாதம். கணக்குப் போட்டால் இந்த மாதமே தொடங்க வேண்டும். அடைமழை பிடித்துக்கொண்டால் குச்சி அழுகும். அதனால் தொட்டிகளை வெயில் நேராக விழாத, மழை சாரல் அடிக்காத பால்கனி ஓரத்தில் வையுங்கள்.

குச்சி என்றால் எந்தக் குச்சியும் அல்ல. பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. ரொம்பப் பச்சையும் வேண்டாம், முற்றிய மரமும் வேண்டாம். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள், மேலே நேராக வெட்டுங்கள். ஏன் என்றால், தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க. சிரிக்காதீர்கள், நான் நட்டிருக்கிறேன். வேரை உண்டாக்கும் ஆக்ஸின் என்ற பொருள் செடியில் நுனியிலிருந்து அடி நோக்கித்தான் இறங்கும். தலைகீழ்க் குச்சி அதனால் வீணாகும். மேலே இரண்டு இலை போதும், அதையும் பாதியாக நறுக்குங்கள். வேர் இல்லாத குச்சிக்கு நிறைய இலை இருப்பது, சம்பளம் இல்லாதவன் வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி.

மண்ணுக்குத் தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. நார்க் கழிவை இரண்டு முறை நீரில் அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். உரம் இப்போது வேண்டாம். பாட்டில் பாதியை வெட்டிக் கவிழ்த்தால் ஈரம் தங்கும். வேர் ஊக்கி பவுடர் நர்சரியில் கிடைக்கும், அடியில் தொட்டு நட்டால் நல்லது. அது இல்லாமலும் செம்பருத்தியும் மல்லிகையும் வரும்.

இங்கேதான் எல்லோரும் செய்யும் தப்பு. பத்து நாளில் துளிர் வரும். உடனே வேர் பிடித்துவிட்டது என்று பிடுங்கிப் பார்ப்போம். குச்சிக்குள் சேமித்த சத்தை வைத்தே துளிர் வந்துவிடும், வேர் அதற்குப் பிறகுதான் வரும். மாட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், குச்சியைத் தொடாதீர்கள் என்கிறேன். தொட்டியின் அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கும் வரை பொறுங்கள்.

கேட் பக்கத்துப் பெரிய குரோட்டனுக்குக் குச்சியைவிட விண்பதியம் சிறந்தது. கிளையில் ஒரு அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை மட்டும் உரித்து எடுங்கள். தண்ணீர் உள்மரம் வழியாக மேலே போய்க்கொண்டே இருக்கும். இலை தயாரித்த சத்தும் ஆக்ஸினும் பட்டை வழியாகக் கீழே வரும்போது வளையத்தில் வழியில்லாமல் மேல் விளிம்பில் தேங்கும். தேங்கிய இடத்தில் வேர் வெடிக்கும். ஈரமான நார்க் கழிவை அந்த இடத்தில் உருட்டி வைத்து, உள்ளே தெரிகிற பாலிதீனால் இறுக்கிக் கட்டுங்கள். வெள்ளை வேர் கண்ணுக்குத் தெரிந்ததும் கீழே வெட்டி எடுக்கலாம். கிளை தாயிடமே இருந்துகொண்டு வேர் விடுவதால் நஷ்டம் குறைவு. குரோட்டன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதப்பூவுக்கு முற்றிய குச்சி. அதன் வேர் கண்ணாடி மாதிரி, மண் கட்டியோடு மாற்ற வேண்டும். அதன் நிறம் பூவில் இல்லை, பூவைச் சுற்றியுள்ள இலையில்தான். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைதான் பூ. அரளி இனத்து அடீனியத்தையும் கோயில் அரளியையும் வெட்டினால் நான்கைந்து நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். மணி பிளான்ட்டில் வெறும் இலையைத் தண்ணீரில் போட்டால் வேர் வரும், கொடி வராது. கணு சேர்த்து வெட்டுங்கள். பாம்புக் கற்றாழையில் இலைத் துண்டு நட்டால் செடி வரும், ஆனால் மஞ்சள் ஓரம் போய்ப் பச்சையாகத்தான் வரும். ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். ரோஜாவைப் பொறுத்தவரை, பெரிய பூ ரகங்கள் ஒட்டுச் செடிகள், குச்சியில் சரியாக வராது. தொட்டியோடு தூக்கிக்கொண்டு போங்கள். சி பிளாக் மாமரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கு ஒட்டுக் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும், செயலாளர் நர்சரியில் பேசியிருக்கிறார்.

ஏ பிளாக் வாசல் பவழமல்லியின் தட்டையான காய்களைப் பிள்ளைகள் பொறுக்கட்டும். காய்க்குள் இரண்டு விதை இருக்கும். இதில் மட்டும் நகல் வராது, பிள்ளைதான் வரும். அதுவும் நல்லதுதான். குச்சியும் சில வைப்போம்.

இப்போது அந்தக் குண்டுமல்லி. ஆரணியிலிருந்து அந்தப் பதியம் என்னோடு நான்கு ஊர் மாறியது. ஒவ்வொரு மாற்றலுக்கும் முன்பு என் மனைவி பத்துக் குச்சி வெட்டி வைப்பார், மூன்று பிழைக்கும், ஒன்று வண்டியில் ஏறும். 1991-ல் இங்கே வந்தபோது பி பிளாக் மோட்டார் அறைப் பக்கம் நட்டது. உங்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை பறித்துத் தலையில் வைத்துக்கொள்வது அதைத்தான். அந்த அம்மா வாசலில் நின்ற அதே செடி. அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு வயது 70 தாண்டிவிட்டது. வாடகை வீடு மூன்றாம் மாடி, மேற்கு வெயில் பால்கனி. என் தொட்டி பிழைக்கும் என்று நான் நம்பி இருக்க முடியாது. அதனால் அந்தச் செடியிலிருந்து 30 குச்சி எடுக்கப் போகிறேன். குறைந்தது பத்து வீட்டுக்காவது போக வேண்டும். மற்ற செடிகளும் இப்படித்தான், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வீடுகளில் இருக்கட்டும். யாரிடம் எது இருக்கிறது என்று வாட்ச்மேன் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதுங்கள். திரும்பி வரும்போது அந்த நோட்டைப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வரும் ஞாயிறு முதல் நான்கு வாரம், காலை ஏழு மணிக்கு மோட்டார் அறைப் பக்கம் வாருங்கள். கூர்மையான கத்தி இரண்டு நான் கொண்டுவருகிறேன், டெட்டாலும் இருக்கும், ஒவ்வொரு செடிக்கும் நடுவில் துடைப்போம். நீங்கள் பால் கவரை நறுக்காமல், ஓரத்தில் மட்டும் வெட்டி, கழுவிக் காயவைத்து எடுத்துவாருங்கள். அடியில் நான்கு ஓட்டை போட்டால் நாற்றுப் பை. வீட்டுக்கு பத்து கவர் போதும்.